ராசியான பேனலும் பூட்டிய வீடும்

என் மகள் கணினி வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையற்கட்டுக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தாள். 'வியூ' என்று ஒன்று இருக்கிறதாம். அது தனக்கென்று எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதாம். அடியில் இருக்கும் அட்டவணையைப் பார்ப்பதற்கு ஒரு வழி, அவ்வளவுதானாம். அட்டவணையில் ஒரு விவரத்தைத் திருத்தினால் வியூவிலும் அது தானாகத் திருந்திவிடும். ஆனால் அட்டவணையின் கட்டங்களையே இடம் மாற்றி வைத்தால் வியூ திண்டாடிப்போகும். "புரியுதாம்மா?" என்று வேறு கேட்டாள். நான் இஞ்சி நசுக்கிக்கொண்டே தலையாட்டினேன். அவள் பிறப்பதற்கு முன்பே இந்தப் பிரகஸ்பதியோடு மல்லுக்கட்டியவள் நான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பவா போகிறாள்?

எழுபதுகளின் தொடக்கம் அது. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு தொழிற்சாலை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எனக்கும் டீச்சர் வேலைதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள், என்னைத் தவிர. நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டுப் பஞ்ச் ரூமில் போய் உட்கார்ந்தேன். "பஞ்ச் ரூம்னா அடிதடி வேலையாடி?" என்று என் சித்தி கேட்டாள். அட்டையில் ஓட்டை போடும் வேலை என்று விளக்கினேன். அதற்கு அடிதடியே தேவலை என்பது போலப் பார்த்தாள்.

தொழிலாளி ஒருவருக்கு ஓர் அட்டை. அட்டை நெடுக எண்பது கட்டம். முதலில் டோக்கன் நம்பர், பிறகு பெயர், பிறகு எந்தப் பிரிவு, பிறகு குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டமோ சில கட்டங்களோ ஒதுக்கியிருக்கும். அந்தக் கட்டங்களில் ஓட்டை போடுவது நாங்கள். அடுத்த அறையில் டாபுலேட்டர் என்ற ராட்சதன் அந்த ஓட்டைகளைப் படித்துப் பட்டியல் அடித்துத் தள்ளும். அந்த அறைக்கு ஏ.சி. உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளிர் மெஷினுக்கு, வியர்வை எங்களுக்கு. இதில் யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை.

டாபுலேட்டருக்கு எதை எங்கே அடிப்பது என்று தானாகத் தெரியாது. அதற்குப் பேனல் வேண்டும். பேனல் என்பது துளைகள் நிறைந்த ஒரு பலகை, அதில் கம்பிகளைச் செருகியிருப்பார்கள். அட்டையின் இந்தக் கட்டத்தில் இருப்பதைக் காகிதத்தின் அந்த இடத்தில் அடி என்று ஒவ்வொரு கம்பியும் சொல்லும். சம்பளப் பட்டியலுக்கு ஒரு பேனல், லீவுக்கு ஒரு பேனல் என்று தனித்தனியாக அலமாரியில் இருக்கும். பேனலுக்குள் ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர், ஊர், பிள்ளைகுட்டி எல்லாம் அட்டையில்தான். அட்டையை மாற்றினால் அடுத்த முறை பட்டியல் தானாக மாறி வரும், பேனலைத் தொடவே வேண்டாம்.

இது எனக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே புரிந்தது. எங்கள் நிர்வாக அதிகாரிக்கு ஓய்வு பெறும் வரை புரியவில்லை. பட்டியல் பேனலுக்குள் குடியிருக்கிறது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு முறை யாரோ வேலையை விட்டுப் போனபோது, மெஷின் ரூம் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, "அந்த ஆள் பேரை எல்லா பேனல்ல இருந்தும் எடுத்துடுங்க சார்" என்றார். பொறுப்பாளர் நல்ல மனிதர், வம்புக்குப் போகாதவர். "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்து அந்த ஓர் அட்டையை உருவி எடுத்தார். மறுநாள் எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. "ஒரே நாள்ல எல்லா பேனலையும் பார்த்துட்டீங்களே, பேஷ்!" என்று அதிகாரி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இந்தப் பேனல்களில் ஒன்றுக்கு மட்டும் தனி மரியாதை. அது கம்பெனி குவார்ட்டர்ஸ் பேனல். வருடத்துக்கு ஒரு முறைதான் ஓடும். பம்பாயிலிருந்து ஒரு நிபுணர் வந்து கம்பி செருகினார். மற்ற பேனல்கள் எல்லாம் பொறுப்பாளரின் உயிரை வாங்கிய பிறகே சரியாக ஓடின. இது ஒன்று மட்டும் முதல் ஓட்டத்திலேயே பிசகில்லாமல் பட்டியல் கொடுத்தது. அன்றிலிருந்து அது 'ராசியான பேனல்' ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பொட்டு. இதற்கு மட்டும் தனியாகச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. எந்தக் கட்டத்தைப் பார்த்து அட்டைகளை வரிசைப்படுத்துவது என்று நிபுணர் எழுதிய சீட்டும் அதன் மேலேயே ஒட்டியிருந்தது. அதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அதிகாரி தன் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் தொழிற்சாலை பெருத்தது. புதுப் புதுப் பிரிவுகள் முளைத்தன. பிரிவு எண்ணுக்கு இரண்டு இலக்கம் போதாது, மூன்று வேண்டும் என்று முடிவானது. அதனால் அட்டையில் பிரிவு எண்ணுக்கு ஒரு கட்டம் கூடியது, அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப்போயிற்று. குடும்ப எண்ணிக்கை இருந்த கட்டத்தில் இப்போது பிரிவு எண்ணின் கடைசி இலக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா அட்டைகளையும் புதிதாகத் தயாரித்தோம். பொறுப்பாளர் ஒவ்வொரு பேனலாக எடுத்துக் கம்பிகளை ஒரு துளை தள்ளிச் செருகினார். கடைசியாக ராசியான பேனலுக்குச் சாவி கேட்டுப் போனார்.

"அது ஒழுங்காத்தானே ஓடிக்கிட்டிருக்கு? நல்லா இருக்கறதைப் போய் எதுக்கு சார் நோண்டறீங்க?" என்றார் அதிகாரி.

பொறுப்பாளர் ஏதோ விளக்கியிருக்கிறார். அதிகாரி ஏதோ மறுத்திருக்கிறார். வம்புக்குப் போகாதவர் சும்மா திரும்பி வந்துவிட்டார். நல்ல மனிதர்களால் நாட்டுக்கு வரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அக்கா. மேற்குத் தாம்பரத்தில் ஏரியை ஒட்டிய தாழ்வான இடத்தில் ஓட்டு வீடு. வீட்டுக்காரர் பெயிண்டர், நாலு பிள்ளைகள், கூடவே மாமனார். அவளையும் சேர்த்து ஆக மொத்தம் ஏழு பேர். மாமனாருக்கு ஆஸ்துமா. மழைக்காலம் வந்தால் வாசலில் தண்ணீர், சுவரில் ஓதம், அவர் நெஞ்சில் விசில். "இந்த ஈரத்துல இவரை வெச்சிருந்தா அடுத்த மழை தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அந்த வார்த்தையை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அந்த வீட்டில் அவளை முதன்முதலாகச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் அந்த மாமனார்தான்.

தொழிற்சாலைக்குப் பின்னால் மேட்டில் குவார்ட்டர்ஸ். தளம் போட்ட வீடுகள், சொட்டு ஒழுகாது. அந்த வருடம் ஒரே ஒரு வீடு காலியானது. பெரிய குடும்பத்துக்கு முதலில், சம எண்ணிக்கை என்றால் சர்வீஸில் மூத்தவருக்கு என்பது விதி. ஏழு பேர் உள்ளவர்கள் மொத்தத் தொழிற்சாலையிலும் இரண்டு பேர்தான்: அக்காவும், அக்காவுக்குப் பின்னால் சேர்ந்த ஸ்டோர்கீப்பர் ஒருவரும். அதற்கு மேல் யாரும் இல்லை. அதனால் வீடு அக்காவுக்குத்தான் என்று பஞ்ச் ரூம் முழுக்கப் பேச்சு. எந்த ஜன்னலோரம் மாமனாருக்குக் கட்டில் போடுவது என்பதுவரை அவள் திட்டம் போட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் சாவி வெளியே வந்தது. ராசியான பேனல் சந்தன வாசனையோடு ஏறி உட்கார்ந்தது. சீட்டில் எழுதியிருந்த பழைய கட்டத்தைப் பார்த்தே அட்டைகளையும் வரிசைப்படுத்தினார்கள். மதியம் நோட்டீஸ் போர்டில் பட்டியல் தொங்கியது.

முதல் இடம், புதிதாக முளைத்த டிராயிங் ஆபீஸில் முதல் ஆளாகச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு. இன்னும் கல்யாணமே ஆகாதவர், திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். குடும்பத்தார் எண்ணிக்கை ஒன்பது.

"மச்சான், ஒம்போதா! எப்படா ஆச்சு இதெல்லாம்? ஒரு சாக்லேட்டுகூடக் குடுக்கலியே!" என்று அவருடைய சிநேகிதர்கள் அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது பேரும் டிராயிங் ஆபீஸ்தான். எல்லோருக்கும் ஒன்பது ஒன்பதாகக் குடும்பம். அந்தப் பிரிவின் புது எண் ஒன்பதில் முடிந்தது என்பதுதான் அவர்கள் செய்த குடும்பக் கட்டுப்பாட்டு மீறல்.

பஞ்ச் ரூமின் எண் சைபரில் முடிந்தது. பட்டியலின் அடிமட்டத்தில் நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். அக்காவுக்குக் குடும்பத்தார்: சைபர். ஏழு பேர் இல்லை என்றால்கூடப் போகட்டும், அவளாவது ஒரு ஆள் இல்லையா? அவளையே சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனேன். பொறுப்பாளரும் அதற்குள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார்.

"கார்டுல ஏழுன்னுதான் இருக்கு சார். நானே பார்த்தேன். பேனல் பழைய கட்டத்தைப் படிக்குது" என்றார் பொறுப்பாளர்.

"அதெப்படி? பேனலை நாம தொடவே இல்லையே!"

"அதனாலதான் சார்."

"தொடாத பொருள் எப்படி சார் கெட்டுப்போகும்? பம்பாய்க்காரர் போட்ட கம்பி அது!" அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க குடும்பத்துல ஏழு பேர் இருக்காங்கன்னு என்ன அத்தாட்சி?"

தப்பாகப் படித்தது பலகை. அத்தாட்சி கொடுக்கவேண்டியது இவள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்தினாள். "கொண்டு வரேன் சார்" என்றாள்.

சனிக்கிழமை கொண்டுவந்தாள். காகிதத்தை அல்ல, ஆட்களை. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், நாலு பிள்ளைகளும் தலையில் எண்ணெய் வழிய, கடைசியில் மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டு. அதிகாரியின் அறையில் நிற்க இடமில்லை. ஃபைல் அலமாரி ஓரமாகக் கடைக்குட்டியைத் தூக்கி உட்காரவைத்தார்கள். நாங்கள் கதவுக்கு வெளியே வேலையாக நிற்பது போல நின்றோம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். "ஏழு பேர்தான், இல்லேங்கல" என்று ஒப்புக்கொண்டார். "பெரியவரே, ரேஷன் கார்டுல உங்க பேர் இருக்கா?"

"கீது சார்" என்றார் மாமனார். "ரேசன்ல கீறேன், ஓட்டு லிஸ்ட்ல கீறேன், தோ உன் எதிர்லயும் நின்னுகினு கீறேன். உன் மெசின்ல மட்டும்தான் காணோம்ன்றாங்கோ. இன்னா சார் இது பேஜாரு? நான் இன்னும் இன்னா பண்ணா அது ஒத்துக்கும்?"

கதவுக்கு வெளியே நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். அதிகாரிக்கே உதடு கோணியது. ஆனாலும் பதவி என்று ஒன்று இருக்கிறதே! "எனக்குத் தெரியுது பெரியவரே. மெஷினுக்கும் தெரியணும் இல்லையா? பம்பாய்க்கு எழுதியிருக்கேன். அதுவரைக்கும் வீடு யாருக்கும் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டைப் பூட்டினார்கள். ஜூலை போயிற்று, ஆகஸ்ட் போயிற்று. பம்பாய் வாயைத் திறக்கவில்லை. மதிய இடைவேளையில் அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் பக்கம் நடப்பாள். பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம். "சுவத்தைத் தொட்டுப் பாரேன், எப்படிக் காய்ஞ்சு கிடக்கு" என்பாள். நான் தொட்டுப் பார்ப்பேன். ஏழு பேர் ஈரத்தில் கிடக்க, இங்கே ஏகபோகமாகப் பல்லிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

கடைசியில் பேனலைத் திறக்க வைத்தது அக்காவின் ஏழு பேர் அல்ல, டிராயிங் ஆபீஸ்காரரின் ஒன்பது பேர். அவருக்குக் குன்றத்தூரில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் மாமா எங்கள் கேன்டீனுக்குக் காய்கறி போடுகிறவர். நோட்டீஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நேராகப் போய்ச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார். இளைஞர் அதிகாரியின் அறையில் போய்க் கண்ணீர் விடாத குறையாக நின்றார். ஒரு ஆண்பிள்ளையின் கல்யாணம் என்றால் சும்மாவா? பம்பாயாவது கிம்பாயாவது! "ஆயுத பூஜை முடிஞ்சதும் நல்ல நேரம் பார்த்துப் பிரிச்சிடலாம்" என்று அதிகாரி அன்றே இறங்கி வந்தார்.

அப்படியே நல்ல நேரம் தேடித் தேடி, நவம்பர் முதல் வாரத்தில், கற்பூரம் காட்டிய பிறகு, பொறுப்பாளர் கம்பியை ஒரு துளை தள்ளிச் செருகி, சீட்டிலும் கட்டத்தின் எண்ணைத் திருத்தினார். கேன்டீனிலிருந்து வந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஐந்து மாதம் இதற்குத்தான். சோதனைக்காக ஒரு பட்டியல் அடித்தார்கள். அக்கா முதலிடம், குடும்பத்தார் ஏழு. காய்கறி மாமாவையும் அழைத்துவந்து காட்டினார்கள். டிராயிங் ஆபீஸ்காரருக்குக் குடும்பத்தார் ஒன்று, அதாவது அவரே.

"வீட்டுச் சாவி சார்?" என்று நான்தான் கேட்டேன். அக்கா இந்த மாதிரி நேரத்தில் வாய் திறக்கமாட்டாள்.

"இது டிரையல்மா. மாசா மாசம் வர்ற மாறுதல் எல்லாம் கார்டுல ஏறினப்புறம் முதல் தேதிக்கு அசல் லிஸ்ட் எடுப்போம். அது வந்ததும் சாவி. இத்தனை மாசம் பொறுத்தீங்க, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா?"

நாங்கள் பொறுத்தோம். மழைதான் பொறுக்கவில்லை. அந்த நவம்பரில் தாம்பரம் ஏரிப் பக்கம் வானம் பொத்துக்கொண்டது. அக்கா வீட்டில் முழங்காலளவு தண்ணீர். மாமனாரை மேஜை மேல் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். ஒரு விடிகாலையில் மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷா பிடித்து வருவதற்குள் அவர் போய்விட்டார். நான் மதகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அக்கா தண்ணீரில் நின்றபடியே அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அதிகாரியை நான் மனசுக்குள் திட்டிய திட்டு இங்கே அச்சில் ஏறாது.

துக்கத்துக்கு லீவு கேட்டு அக்கா எழுதிக் கொடுத்தாள். இதில்தான் எங்கள் ஆபீஸின் சுறுசுறுப்பைப் பார்க்கவேண்டும். ஐந்து மாதமாக அவர் இருக்கிறார் என்பதை நம்பாதவர்கள், அவர் இல்லை என்பதை ஒரே நாளில் நம்பிவிட்டார்கள். அக்கா லீவு முடிந்து திரும்புவதற்கு முன்பே மாறுதல் சீட்டு பஞ்ச் ரூமுக்கு வந்துவிட்டது: இந்த டோக்கனுக்குக் குடும்பத்தார் எண்ணிக்கை ஏழு நீங்கி ஆறு.

ஆறு என்றால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏழு பேருள்ள ஸ்டோர்கீப்பர் முதலாவதாக வந்துவிடுவார். ஆறு பேருள்ளவர்களில் அக்காவுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் அந்தச் சீட்டைக் கட்டின் அடியில் செருகி வைத்தேன். முதல் தேதி தாண்டட்டும், பிறகு ஏறட்டும்.

அக்கா வந்த அன்றே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அடியிலிருந்து உருவி எடுத்துப் படித்தாள்.

"அடுத்த மாசம் ஏத்திக்கலாம்க்கா" என்றேன். "இந்த ஒரு லிஸ்ட் வந்துடட்டும். யார் கேட்கப் போறா?"

"அவரு இருந்தப்ப இல்லன்னாங்க. இப்ப இல்லாதப்ப இருக்காருன்னு நான் சொல்லவா?"

"பிள்ளைங்களை நினைச்சுப் பாருக்கா."

"அவரைத்தான் நினைக்கிறேன்" என்றாள். மெஷினில் புது அட்டையைச் செருகி, பழைய அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். குடும்ப எண்ணிக்கைக் கட்டம் வந்தது. ஆறு.

ஒருத்தி ஓட்டை போட்டதை இன்னொருத்தி சரிபார்க்கவேண்டும். அதே விவரத்தை மறுபடி அடித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் வெரிஃபையர் மெஷின் அட்டையை ஏற்கும், இல்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். அன்று அந்த மெஷினில் நான். அக்கா அட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நின்றாள். நான் ஏழு என்று அடித்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் ஏழே அடித்தேன்.

"ஆறு போடும்மா" என்றாள் அக்கா, மெதுவாக.

போட்டேன். விளக்கு அணைந்தது. அட்டை சுத்தமாக வெளியே வந்து விழுந்தது.

முதல் தேதி பட்டியல் வந்தது. முதலில் ஸ்டோர்கீப்பர். அவருக்கும் ஏழு பேர், அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நாலாவதாக அக்கா, குடும்பத்தார் ஆறு. ஒரு பெயர் இடம் மாறவில்லை, ஓர் எண் பிசகவில்லை. அதிகாரி பட்டியலின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு பஞ்ச் ரூமுக்கே வந்துவிட்டார். முகம் முழுக்கப் பூரிப்பு.

"பார்த்தீங்களா? போன வாரம் கார்டுல ஏத்தின மாறுதல்கூட விடாம வந்திருக்கு. இப்ப என்ன சொல்றீங்க நம்ம பேனலை?"

அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"நல்லா வேலை செய்யுது சார். எங்க மாமனாரு கேட்டாரு இல்ல, நான் இன்னும் இன்னா பண்ணா அது ஒத்துக்கும்னு. செத்தா ஒத்துக்குது சார்."